காரை வெளிப் பணிமனையில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் ரத்தாகுமா? செலவும் தரமும் – ஒரு விளக்கம்

புது தில்லி: புதிய கார் வாங்கும் பலர், உத்தரவாதக் காலம் முடியும்வரை முகவர் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தைத் தவிர வேறு எங்கும் வாகனத்தைக் கொண்டு செல்வதில்லை. வெளியில் ஒரு திருகாணியைக் கழற்றினாலும் உத்தரவாதம் போய்விடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். இந்த அச்சத்துக்கு எந்த அளவுக்கு அடிப்படை உள்ளது, இரு இடங்களுக்கும் இடையே கட்டணம் ஏன் வேறுபடுகிறது, எந்தப் பணியை எங்கே செய்வது நல்லது என்பதைக் காண்போம்.

போட்டி ஆணையத்தின் உத்தரவு

அசல் உதிரிபாகங்களும் பழுதைக் கண்டறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை என்று 3 கார் நிறுவனங்களுக்கு எதிராக நுகர்வோர் ஒருவர் 2011 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் (சிசிஐ) புகார் அளித்தார். விசாரணை பின்னர் மற்ற நிறுவனங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இதன் முடிவில், 14 நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்து 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஆணையம் உத்தரவிட்டது.

உதிரிபாகங்கள், பழுதுபார்ப்புக் கையேடுகள், பரிசோதனைக் கருவிகள் ஆகியவை தனிப் பணிமனைகளுக்கும் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று ஆணையம் அறிவுறுத்தியது. வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனையை விதிக்கக் கூடாது என்றும், வெளியில் நடந்த தவறான பணியால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே உத்தரவாதத்தை மறுக்கலாம் என்றும் தெளிவுபடுத்தியது.

3 நிறுவனங்களின் மேல்முறையீட்டை விசாரித்த தீர்ப்பாயம், 2016 டிசம்பரில் ஆணையத்தின் முடிவுகளை ஏற்றுக்கொண்டு அபராதத் தொகையை மட்டும் குறைத்தது. வேறு சில நிறுவனங்கள் உயர்நீதிமன்றங்களை நாடின.

எனினும், உத்தரவாதத்தைக் கோரும்போது, குறித்த காலத்திலும் குறித்த கிலோமீட்டரிலும் பராமரிப்பு நடந்ததற்கான சான்றை நிறுவனங்கள் கேட்பது வழக்கம். சான்று இல்லாவிட்டால் உரிமையாளரின் வாதம் வலுவிழக்கும். மேலும், உத்தரவாதம் என்பது உற்பத்திக் குறைபாடுகளுக்கானது. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் போன்று தேயும் பாகங்கள் பொதுவாக அதில் அடங்குவதில்லை.

கட்டணம் ஏன் வேறுபடுகிறது?

சர்வீஸ் ரசீதில் நான்கு பகுதிகள் உண்டு: பணிக் கூலி, உதிரிபாகங்கள், கூடுதல் சேவைகள், வரி.

முகவர் மையங்களில் காட்சியறை, விலை உயர்ந்த கருவிகள், ஊழியர் பயிற்சி ஆகியவற்றின் செலவு கூலியில் சேருகிறது. ‘இலவச சர்வீஸ்’ என்பதும் பெரும்பாலும் கூலிக்கான விலக்கு மட்டுமே. என்ஜின் ஆயில், ஃபில்டர் போன்றவற்றுக்குப் பணம் செலுத்த வேண்டும்.

உதிரிபாகங்களைப் பொருத்தவரை, பிரேக், விளக்கு, ஃபில்டர் போன்ற பலவற்றைக் கார் நிறுவனங்கள் நேரடியாகத் தயாரிப்பதில்லை. அவற்றை வழங்கும் பாக நிறுவனங்கள், அதே வகைப் பொருளைத் தங்கள் சொந்தப் பெயரிலும் சந்தைக்கு அனுப்புகின்றன. தில்லி காஷ்மீரி கேட், பெங்களூரு ஜே.சி. சாலை போன்ற சந்தைகளில் இவை கிடைக்கின்றன. கார் நிறுவனத்தின் முத்திரை இல்லாததால் விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

ரசீதை அதிகம் பெருக்குபவை கூடுதல் சேவைகளே. என்ஜின் ஃபிளஷிங், த்ராட்டில் சுத்திகரிப்பு, ஏசி கிருமிநீக்கம், அடிப்பகுதிப் பூச்சு போன்றவை சர்வீஸ் ஆலோசகரால் பரிந்துரைக்கப்படுகின்றன. இவை உரிமையாளர் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் உள்ளனவா என்று பார்த்த பிறகே ஒப்புதல் அளிக்க வேண்டும்.

வரியும் வேறுபாட்டில் பங்கு வகிக்கிறது. கூலிக்கும் உதிரிபாகங்களுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ரூ.10,000 மதிப்புள்ள பணிக்கு வரி மட்டும் ரூ.1,800. ரசீது வேண்டாம் என்றால் குறைத்துத் தருவதாகக் கூறும் பணிமனையில் மிச்சமாவது பெரும்பாலும் இந்தத் தொகைதான். ஆனால் அதனுடன் பணி நடந்ததற்கான சான்றும் கைவிட்டுப் போகிறது.

தரம் எங்கே அதிகம்?

பிஎஸ்-6 விதிகள் 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிறகு, கார்களில் சென்சார்களும் மென்பொருளும் பெருகிவிட்டன. டீசல் துகள் வடிகட்டி, ஏர்பேக், தானியங்கி கியர்பாக்ஸ், மின்சாரக் காரின் மின்கலம் ஆகியவற்றுக்கு நிறுவனத்தின் கருவியும் மென்பொருளும் தேவைப்படுவதால் முகவர் மையமே பாதுகாப்பானது. குறைபாட்டுக்காக நிறுவனம் திரும்பப் பெறும் பாகங்களும் அங்கு இலவசமாக மாற்றித் தரப்படும்.

தனிப் பணிமனையின் பலம் வேறு. அங்கு வாகனத்தைத் தொடும் மெக்கானிக்குடன் நேரடியாகப் பேச முடியும். கழற்றிய பாகத்தைக் கண்ணால் பார்க்க முடியும். முகவர் மையம் முழுமையாக மாற்றும் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் போன்றவற்றை வெளியில் சீரமைத்தே பயன்படுத்த இயலும். அதேவேளையில், போலி உதிரிபாகங்களின் ஆபத்தும் அங்கு அதிகம். போலி பிரேக் பேட் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், பாக எண், ஹாலோகிராம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றைப் பெட்டியில் சரிபார்க்க வேண்டும்.

உரிமையாளர்கள் செய்ய வேண்டியவை

உத்தரவாதம் நடப்பில் உள்ளபோது, அட்டவணைப்படியான சர்வீஸையும் என்ஜின், கியர்பாக்ஸ், மின்னணுப் பணிகளையும் முகவர் மையத்தில் செய்வது சச்சரவைத் தவிர்க்கும். டயர், பேட்டரி, பிரேக் பேட், சக்கரச் சீரமைப்பு, வண்ணப்பூச்சு போன்றவற்றுக்கு நம்பகமான வெளிப் பணிமனையை நாடலாம். உத்தரவாதம் முடிந்த பிறகு, இரு இடங்களிலும் எழுத்துப்பூர்வ மதிப்பீடு பெற்று ஒப்பிட்டு முடிவெடுக்கலாம்.

எங்கு சென்றாலும், பாக எண்ணும் கிலோமீட்டர் அளவும் குறிப்பிட்ட ரசீதைப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும். ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறையாகும்.

உத்தரவாதம் மறுக்கப்பட்டால், வெளியில் நடந்த எந்தப் பணியால் எந்தச் சேதம் ஏற்பட்டது என்பதை எழுத்தில் தருமாறு கேட்க வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். அதன் பிறகும் பலன் இல்லையெனில், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் அங்கு மனுக் கட்டணம் கிடையாது.

பழுதுபார்க்கும் தகவல்களை நுகர்வோருக்கு ஒரே இடத்தில் வழங்குவதற்காக, ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ஆம் தேதி தொடங்கியது. அதில் வாகனத் துறையும் இடம்பெற்றுள்ளது.