தொடு உணர் உருள் சக்கரம்

தொடு உணர் உருள் சக்கரம் என்பது, மவுஸ் என்று பரவலாக அழைக்கப்படும் கணினிச் சுட்டியின் இயந்திர உருள் சக்கரத்துடன், விரல் அதன் மீதோ அதன் அருகிலோ பட்டுள்ளதா என்பதை அறியும் மின்னுணரியையும் இணைத்த அமைப்பு ஆகும். சாதாரண உருள் சக்கரம், தான் எவ்வளவு சுழன்றது என்பதை மட்டுமே கணினிக்குத் தெரிவிக்கிறது. தன்னைச் சுழற்றுவது விரலா, முன்பு பெற்ற வேகமா என்பதை அது அறியாது. தொடு உணரிக்கு விரல் இருப்பது தெரியும். ஆனால் விரலுக்கு அது எதையும் உணர்த்துவதில்லை. ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுசெய்வதே இவ்விணைப்பின் நோக்கம்.

உருள் சக்கரத்தின் தோற்றம்

டக்லஸ் எங்கல்பர்ட் 1968 ஆம் ஆண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் செய்துகாட்டிய சுட்டியில் மூன்று பொத்தான்கள் இருந்தன, சக்கரம் இல்லை. அதன் பின்னர் வந்த சுட்டிகளிலும் நெடுங்காலம் இதே நிலைதான். நீண்ட ஆவணம் ஒன்றில் கீழே செல்ல, பயனர் சுட்டியைத் திரையோரத்து உருள் பட்டைக்குக் கொண்டுசென்று, மீண்டும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 1993 இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எரிக் மிச்சல்மன், எக்செல் பயனர்கள் பெரிய விரிதாள்களில் இங்குமங்கும் நகரப் படும் சிரமத்தைக் கண்டு இதற்குத் தீர்வு தேடத் தொடங்கினார். 1995 இல் மௌஸ் சிஸ்டம்ஸ் நிறுவனம் சக்கரமுள்ள புரோஏஜியோ சுட்டியை வெளியிட்டது. எனினும் 1996 இல் வந்த மைக்ரோசாஃப்டின் இன்டெலிமவுஸ் சுட்டியே சக்கரத்தைப் பரவலாக்கியது.

சக்கரம் இயங்கும் விதம்

பல சுட்டிகளில் சக்கரத்தின் அச்சுடன் துளைகளுள்ள ஒரு தட்டு சுழல்கிறது. அதன் ஒருபுறம் அகச்சிவப்பு ஒளிமூலமும் மறுபுறம் இரண்டு ஒளி உணரிகளும் இருக்கும். துளைகள் கடக்கும்போது இரு உணரிகளும் சற்று முன்பின்னாகத் துடிப்புகளைத் தருகின்றன. எது முந்துகிறது என்பதைக் கொண்டு சுழலும் திசை அறியப்படுகிறது. வேறு சில சுட்டிகளில் ஒளிக்குப் பதிலாக உலோகத் தொடுமுனைகள் உள்ளன. இவை தேய்ந்தாலோ தூசு படிந்தாலோ, கீழே உருட்டும்போது பக்கம் திடீரென மேலே துள்ளும்.

விரலுக்குத் "தடக் தடக்" என உணரப்படும் படிகளை ஒரு வில் உண்டாக்குகிறது. ஒரு சுற்றுக்கு 24 படிகள் உள்ள சக்கரத்தில் ஒரு படி 15 பாகை ஆகும். விண்டோஸ் இயங்குதளம் ஒரு படியை 120 அலகுகளாகக் கணக்கிடுகிறது. பின்னாளில் இதனினும் நுண்ணிய சக்கரங்கள் வந்தால் அவை பின்னங்களை அனுப்ப இடமிருக்க வேண்டும் என்பதே இந்த எண்ணைத் தேர்ந்ததன் காரணம். லினக்ஸ் கருனியில் இத்தகைய நுண் உருட்டலுக்கான ஆதரவு 2019 இல் வெளியான 5.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

தொடுகையை உணர்தல்

மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும். எனவே ஒரு மின்வாயின் அருகே விரல் வரும்போது அதன் மின்தேக்கம் மிகச் சிறிதளவு, பெரும்பாலும் ஒரு சில பிக்கோபரட் அளவு அல்லது அதற்கும் குறைவாக, கூடுகிறது. மின்வாய் மின்னூட்டம் பெற ஆகும் நேரத்தை அளந்து சில்லு இதனைக் கண்டறிகிறது. அழுத்தம் தேவையில்லை.

சக்கரத்தில் இதைச் செய்வது தோன்றுவதைவிடக் கடினம். சுழலும் பொருளுடன் கம்பியை நிலையாக இணைக்க இயலாது. ஆகவே சக்கரத்தின் மேற்பரப்பைக் கடத்தும் பொருளால் அமைத்து, அச்சில் உராயும் தொடுமுனை வழியாகக் குறிப்பலையைப் பெறலாம். அல்லது சக்கரத்தைத் தொடாமல், அதைச் சூழ்ந்த பள்ளத்தில் அசையாத மின்வாய்களைப் பதிக்கலாம்.

1999 ஆய்வு

மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் கென் ஹின்க்லியும் மைக் சின்கிளேரும் 1999 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் முக்கியமானது. அவர்கள் சக்கரமுள்ள ஒரு சுட்டியை எடுத்து, அதன் மீது தொடு உணரிகளைப் பொருத்தினர். சக்கரத்துக்கு மேலுள்ள பகுதியைத் தட்டினால் ஒரு பக்கம் மேலேயும், கீழுள்ள பகுதியைத் தட்டினால் ஒரு பக்கம் கீழேயும் ஆவணம் நகர்ந்தது. சிறு நகர்வுக்குச் சக்கரம், பெரு நகர்வுக்குத் தொடுகை என வேலை பிரிந்தது. மேலும், கை சுட்டியை விட்டு விலகியவுடன் திரையிலிருந்த கருவிப்பட்டைகள் மெல்ல மறைந்து ஆவணத்துக்கு இடம் விட்டன. கை திரும்பியதும் அவை மீண்டும் தோன்றின. பயனர் எதையும் அழுத்தாதபோதும் அவர் என்ன செய்கிறார் என்பதற்குத் தொடுகை சான்றாக அமையும் என்பதை இக்கட்டுரை காட்டியது.

இதன் பயன் பின்னர் வந்த தடையற்ற சக்கரங்களில் தெளிவாகப் புலப்படுகிறது. லாஜிடெக் 2006 இல் வெளியிட்ட எம்எக்ஸ் ரெவொலூஷன் சுட்டியின் சக்கரம், ஒருமுறை சுண்டினால் விரல் எடுத்த பின்னும் பல நொடிகள் சுழலும். இத்தகைய சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது விசைப்பலகையில் கண்ட்ரோல் விசையை அழுத்தினால், பல செயலிகளில் உருட்டல் உருப்பெருக்கமாக மாறி எழுத்துகள் தாறுமாறாகப் பெரிதாகும் அல்லது சிறிதாகும். சக்கரத்தின் மீது விரல் இல்லை என்பது தெரிந்தால், மென்பொருள் இந்த மிச்சச் சுழற்சியை எளிதில் புறக்கணிக்க இயலும்.

விற்பனைக்கு வந்த சுட்டிகள்

சந்தை வேறு திசையில் சென்றது. ஆப்பிள் 2005 இல் வெளியிட்ட மைட்டி மவுஸ் சுட்டியில் எல்லாப் பக்கமும் உருளும் ஒரு சிறு குண்டும், இடது வலது அழுத்தங்களைப் பிரித்தறியும் தொடு உணரிகளும் இருந்தன. ஆனால் வலது அழுத்தம் தருவதற்கு இடப்புற விரலை முழுவதுமாகத் தூக்க வேண்டும். தூக்காவிடில் அது இடது அழுத்தமாகக் கொள்ளப்படும். குண்டில் அழுக்குச் சேர்வதும் பலரின் முறையீடாக இருந்தது. 2009 இல் ஆப்பிளின் மேஜிக் மவுஸ் குண்டையே அகற்றி, மேற்பரப்பு முழுவதையும் தொடு பரப்பாக்கியது.

மைக்ரோசாஃப்டின் ஆர்க் டச் மவுஸ் (2010) சக்கரத்தின் இடத்தில் ஒரு தொடு பட்டையைக் கொண்டிருந்தது. பட்டையில் படிகள் இல்லாததால், விரல் நகரும்போது உள்ளிருக்கும் அதிர்வி சிறு அதிர்வுகளைத் தந்தது. வில்லும் பற்களும் இயல்பாகத் தருவதை மின்னோட்டம் செலவிட்டு உருவாக்க நேர்ந்தது கவனிக்கத்தக்கது.

தவறான தொடுகை

ஓய்வாக வைத்த விரலையும் வேண்டுமென்றே தொட்ட விரலையும் மின்தேக்கம் மட்டும் கொண்டு பிரிக்க இயலாது. எனவே தொடு பரப்பு மட்டுமுள்ள சுட்டியில் பயனர் தம் விரலைச் சற்று உயர்த்தியே வைத்திருக்கப் பழகுகிறார். நீண்ட நேர வேலையில் இது களைப்பைத் தரும். இயந்திரச் சக்கரமும் உள்ள சுட்டியில், சக்கரம் அசையாதவரை தொடுகையைக் கட்டளையாகக் கொள்ளாமல் விடலாம். இதுவே இணைப்பின் பெரும் நன்மை எனலாம்.

மென்பொருள் சிக்கல்

யூ.எஸ்.பி வழியே சுட்டி அனுப்பும் வழக்கமான தரவில் இட நகர்வு, பொத்தான் நிலை, சக்கர எண்ணிக்கை ஆகியவையே உள்ளன. விரல் பட்டுள்ளது என்பதற்கு அதில் இடமில்லை. எனவே தொடு தகவலைச் சுட்டியின் உள்ளிருக்கும் நிரலே பயன்படுத்தி முடிக்க வேண்டும். அல்லது தயாரிப்பாளர் தரும் தனி மென்பொருள் கணினியில் நிறுவப்பட வேண்டும். அம்மென்பொருள் கிடைக்காத இயங்குதளத்தில் இச்சுட்டி சாதாரணச் சக்கரச் சுட்டியாகவே இயங்கும்.