உங்களுக்குத் தெரியுமா? கரைசலில் ஆரஞ்சு, கண்ணாடியில் ஊதா!

பி3ஹெச்டி என்ற குறைக்கடத்திப் பாலிமரைக் குளோரோஃபார்மில் கரைத்தால் ஆரஞ்சு நிறக் கரைசல் கிடைக்கும். அதில் சில துளிகளை வேகமாகச் சுழலும் கண்ணாடித் தகட்டில் விட்டால், உலர்ந்து எஞ்சும் மென்படலமோ ஊதா! வேதிவினை எதுவும் நடக்கவில்லை. மூலக்கூறுகளும் அவையேதான், மாறியது அவை அமர்ந்திருக்கும் விதம்.

கரைசலில் பாலிமர் சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு தனித்தனியே திரியும்; 450 நானோமீட்டர் அருகேயுள்ள நீல ஒளியை அதிகம் உறிஞ்சும். உலரும்போது அவை நிமிர்ந்து தட்டையாகி, அப்பளக் கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. இடைவெளி சுமார் 0.38 நானோமீட்டர்தான். நிமிர்ந்த சங்கிலியில் எலக்ட்ரான்கள் நெடுந்தூரம் பரவ முடிவதால், உறிஞ்சல் பச்சை ஒளியின் பக்கம் நகர்கிறது. உறிஞ்சல் வரைபடத்தில் 600 நானோமீட்டர் அருகே ஒரு சிறு மேடும் முளைக்கிறது.

அந்த மேடுதான் துப்பு. பக்கத்துச் சிகரத்தோடு ஒப்பிட அது எவ்வளவு உயரம் என்பதை வைத்தே, உள்ளே அடுக்கு எவ்வளவு சீராக இருக்கிறது என்று கணிக்கலாம். இதற்கு வழிகாட்டியது அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் ஸ்பானோவின் கோட்பாடு. 61 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் குளோரோஃபார்ம் சட்டென ஆவியாகிவிடுவதால் சங்கிலிகளுக்கு அவகாசம் போதாது, மேடு தாழ்ந்திருக்கும். 214 டிகிரியில் கொதிக்கும் டிரைகுளோரோபென்சீனில் கரைத்துப் பூசினால் மெல்ல உலரும், மேடும் உயரும்.

ஒழுங்கு கூடினால் எல்லாம் ஆதாயம் என்று எண்ண வேண்டாம். நெருக்கமாக அடுக்கப்பட்ட படலம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒளிர்வதில் மட்டும் கரைசலிடம் தோற்றுவிடும். இன்னொரு வேடிக்கை: சங்கிலியின் பக்கக் கிளைகள் தாறுமாறாக அமைந்த பி3ஹெச்டி, படலமான பிறகும் ஊதாவாக மாறுவதில்லை.