ஒட்டுவில்லை சொல்வது ஓர் எண் மட்டுமே

ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது ராமச்சந்திராபுரம். பாரத மிகுமின் நிறுவனமாகிய ‘பெல்’லின் தொழிற்சாலையும் குடியிருப்பும் இருக்கும் ஊர். பட்டான்செரு தொழிற்பேட்டைக்குச் செல்லும் லாரிகள் இரவு பகலாக இவ்வழியே ஓடுகின்றன. முத்தங்கி அருகே வெளிவட்டச் சாலையில் ஏறும் லாரிகளின் முன்கண்ணாடியில், உட்புறமாக ஒரு சிறு ஒட்டுவில்லையைக் காணலாம். ஆர்.எஃப்.ஐ.டி. எனப்படும் ரேடியோ அலை அடையாள முறையை, ஃபாஸ்டேக் என்னும் இந்த வில்லையின் வழியாகவே நம்மில் பலர் அன்றாடம் கையாள்கிறோம்.

வில்லைக்குள் மின்கலம் எதுவும் இல்லை. மெல்லிய உலோகத் தாளாலான ஓர் ஆண்டெனாவும், அதன் நடுவே மணல் துகளை ஒத்த ஒரு சில்லுமே உண்டு. சுங்கச்சாவடியில் தலைக்கு மேலே பொருத்தப்பட்ட கருவி 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் அலைகளை வீசுகிறது. அந்த அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய சிறிதளவு ஆற்றலைப் பெற்று விழித்துக்கொள்கிறது. பிறகு, தன்மீது பட்டுத் திரும்பும் அலையைக் கூட்டியும் குறைத்தும் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. கையிலுள்ள கண்ணாடியால் வெயிலைத் திருப்பி எதிர்க்கரையில் நிற்பவருக்குச் சைகை காட்டுவது போன்றதே இது. இவ்வாறு எதிரொளிக்கும் அலையைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948-லேயே எழுதினார். அது கடைச்சரக்கில் ஒட்டும் அளவுக்கு மலிவாக அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

வில்லையில் பணம் இருப்பதாக எண்ணுவோர் இன்றும் உண்டு. கார்க்கண்ணாடியைத் துடைக்கும் சிறுவன் கைக்கடிகாரத்தால் வில்லையைப் படித்துப் பணத்தைத் திருடுவதாக 2022-ல் ஒரு காணொளி பரவியபோது, பலர் வில்லையைப் பிய்த்து எறியலாமா என்றுகூட யோசித்தனர். உண்மையில் பணம் இருப்பது வங்கிக் கணக்கில். சாவடியில் படிக்கப்பட்ட எண், சாவடியின் வங்கி வழியாகத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்துக்கும், அங்கிருந்து வில்லையை வழங்கிய வங்கிக்கும் செல்கிறது. கழகத்தில் பதிவு பெற்ற இடங்களிலிருந்து வரும் கோரிக்கைக்கு மட்டுமே பணம் கழிக்கப்படும். எண்ணைத் தெரிந்துகொண்ட அந்நியரால் எதுவும் பெற இயலாது.

நாம் கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். லாரியை விற்றவர் வில்லையின் கணக்கை மூடாமல் விட்டுவிட்டால், புதிய உரிமையாளர் ஓட்டும் ஒவ்வொரு பயணத்துக்கும் பழையவர் கணக்கிலிருந்தே சுங்கம் கழியும். கருவிக்கு எண் தெரியுமேயன்றி, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் யாரென்று தெரியாது. ஆகவே, விற்பனை நாளன்றே வில்லை வழங்கிய வங்கிக்குத் தெரிவித்து, கணக்கை முடித்து, மீதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் எழும் சிக்கல்களுக்கு 1033 என்ற உதவி எண் உண்டு. இருப்பின்றி ஓடுவதும் வீண்செலவே. 2021 பிப்ரவரி நடுவில், செல்லத்தக்க வில்லை இல்லாமல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிக்கு வரும் வாகனம் ரொக்கமாக இரு மடங்கு செலுத்த வேண்டும் என்ற விதி வந்தது. 2025 நவம்பர் 15 முதல், யுபிஐ வழியே செலுத்தினால் ஒன்றேகால் மடங்கு.

158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையில் கணக்கு சற்று வேறு. இங்கே ஏறும் இடமும் இறங்கும் இடமும் பதிவாகி, கடந்த தொலைவுக்கு ஏற்பச் சுங்கம் கழிகிறது. ஒரே எண்ணை இரண்டு இடங்களில் படித்து, இடைப்பட்ட வழியைக் கணக்கிடும் இவ்வேலையைத்தான் வணிகமும் இவ்வில்லையிடம் கேட்கிறது. சரக்கு எப்போது புறப்பட்டது, எங்கே நிற்கிறது, எத்தனை வந்து சேர்ந்தது என்பதே அதன் கேள்வி. பார்கோடைக் கண்ணில் படும்படி ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். வில்லையோ பெட்டிக்குள் இருந்தபடியே பதில் சொல்லும். நூறு வில்லைகள் சேர்ந்திருந்தாலும் முறைவைத்துத் தனித்தனியே சொல்லும். நம் ரயில்வே தன் வேகன்களில் இதைப் பொருத்தி, தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று படிக்கிறது.

அமெரிக்காவின் வால்மார்ட் தன் முதல் நூறு வழங்குநர்கள் 2005 ஜனவரிக்குள் இதைக் கைக்கொள்ள வேண்டும் என்று 2003-ல் அறிவித்தது. அவர்களில் பலர் சரக்கை ஏற்றும் வேளையில் வில்லையை ஒட்டி அனுப்பியதோடு சரி. தங்கள் இருப்புப் பதிவேட்டோடு அதை இணைக்கவில்லை. செலவு அவர்களுடையது, பயன் கடைக்காரருடையது என்றாயிற்று. சிறுதொழில் நடத்துவோர் இதை நினைவில் கொள்வது நலம்.

ராமச்சந்திராபுரம், பட்டான்செரு போன்ற இடங்களில் இன்னொரு தடையும் உண்டு. உலோகம் அலையைத் திருப்பிவிடுகிறது, நீர் விழுங்கிவிடுகிறது. பம்ப்பு உறையின்மீது சாதாரண வில்லையை ஒட்டினால் அது ஊமையாகிவிடும். உலோகத்துக்கென்றே இடைவெளி வைத்துச் செய்யப்படும் தடித்த வில்லைகள் உள்ளன, விலை கூடுதல். எனவே உதிரிபாகம் ஒவ்வொன்றிலும் ஒட்டுவதைவிட, அவற்றைச் சுமந்து ஆலைக்கும் பட்டறைக்குமாகத் திரும்பத் திரும்பச் சென்றுவரும் பிளாஸ்டிக் பெட்டிகளில் ஒட்டித் தொடங்குவது சிக்கனம். ஒரே வில்லை பலமுறை பயன்படும். கடன் வாங்கிக் கருவிகள் நிறுவும் முன், உங்கள் சொந்தச் சரக்கை உங்கள் சொந்தக் கிடங்கு வாசலில் வைத்துப் படித்துக் காட்டுமாறு விற்பனையாளரிடம் கேளுங்கள்.