செம்புப் பலகையில் சீரான துளைகள்

வீட்டிலேயே மின்சுற்றுப் பலகை செய்து பழகும் அன்பர்கள், செம்பை அரித்தெடுக்கும் வேலையையே பெரிதென எண்ணுகின்றனர். பெர்ரிக் குளோரைடு கரைசலினின்று எடுத்துப் பலகையைக் கழுவியதும் வேலை முடிந்ததென மகிழ்கின்றனர். ஆனால், நாம் கண்டவரையில், வீணாகும் பலகைகளுள் பல துளையிடும்போதுதான் வீணாகின்றன.

பதினாறு கால் கொண்ட ஐ.சி. ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு எட்டுக் கால்கள். அடுத்தடுத்த கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர். முந்தைய துளையிலிருந்தே அடுத்ததை அளந்து, ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக 0.1 மில்லிமீட்டர் பிசகினால், கடைசித் துளை 0.7 மில்லிமீட்டர் விலகிவிடும். கால் அதில் நுழையாது. அன்றியும், 1.5 மில்லிமீட்டர் செம்பு வட்டத்தின் நடுவே 0.8 மில்லிமீட்டர் துளையிட்டால், சுற்றிலும் எஞ்சுவது 0.35 மில்லிமீட்டர் வளையமே. ஆலையில் செய்யும் இருபக்கப் பலகைகளில் துளையின் உட்சுவரிலும் செம்பு பூசப்பெறும். நமது பலகையிலோ பற்றாசு பிடித்து நிற்பது அவ்வளையத்தை மட்டுமே. துளை சற்று நழுவினால் வளையம் அறுபடும்.

ஆகவே, டிரில் சுழலுமுன்பே துளையின் இடம் உறுதியாதல் வேண்டும். படம் வரையும்போதே ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் 0.4 மில்லிமீட்டர் அளவு வெற்றிடம் விட்டால், அங்குள்ள செம்பும் கரைந்து சிறு குழியாகும். செம்பின் கனம் 35 மைக்ரான்தான். ஆயினும் பிட்டின் முனை அக்குழியில் தானே வந்து அமரும். ஆணியை வைத்து ஓங்கித் தட்டிக் குறியிடுவதை நாம் விரும்புவதில்லை. காகிதப் பலகை விரிசல் காணும்.

கண்ணாடி இழைப் பலகை சாதாரண எஃகு பிட்டை விரைவில் மழுக்கிவிடும். கார்பைடு பிட் நெடுநாள் உழைக்கும். ஆனால் பக்கவாட்டில் சிறிது அசைந்தாலும் ஒடியும். அதனைக் கையில் பிடித்த டிரில்லில் மாட்டுவது பணத்தை எறிவதற்கு ஒப்பாகும். நிமிர்ந்த தாங்கியில் பொருத்தியே இறக்குதல் வேண்டும். பலகையின் அடியில் ஒரு மரத்துண்டை வைத்தால் மறுபக்கம் பிசிறாது.

கண்ணாடித் தூளை வாயால் ஊதாதீர்கள். மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.