மருந்தை விடும் வழி

நம் விடுதி அறைகளில் காய்ச்சல் மாத்திரை மேசைமேல் கிடக்கிறது. தலைவலித் தைலம் சன்னலோரத்தில் இருக்கிறது. மனநோய்க்கு மருத்துவர் தந்த மாத்திரை மட்டும் பெட்டியின் அடியில், சட்டை மடிப்புக்குள் இருக்கிறது. மறைத்து உண்ணத் தொடங்கியவர் பெரும்பாலும் மறைத்தே அதை நிறுத்தியும் விடுகிறார். எவரையும் கேட்பதில்லை, எவருக்கும் சொல்வதில்லை. மருந்தை உண்பதிலும் இடர் உண்டு. ஆனால் நம்மவர் பலர் அறியாத இடர், இவ்வாறு சட்டென்று நிறுத்துவதில் இருக்கிறது. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் மருத்துவ மாணவன் அல்லன். முதுகலை வேதியியல் படிப்பவன். இன்னாருக்கு இன்ன மருந்து என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆயினும் ஒரு பொருள் உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது, எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு வேலை செய்கிறது என்னும் கணக்கு எங்கள் பாடத்துக்கு உட்பட்டது. இங்கே வேண்டுவது பெரும்பாலும் அந்தக் கணக்குத்தான்.

இம்மருந்துகளின் வரலாறு நீண்டதன்று. 1952இல் பாரிசு நகரத்தில் சேன்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்னும் இருவர் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கடும் மனநோயாளர்க்குத் தந்து பயன் கண்டனர். அதே ஆண்டில், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து ரிசர்பைன் என்னும் பொருளைச் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் பிரித்தெடுத்தனர். அவ்வேர் மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் உதவுவதாகக் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்காள மருத்துவர்கள் 1931இலேயே எழுதியிருந்தனர். ஆனால் ரிசர்பைன் உண்ட இரத்தக் கொதிப்பு நோயாளர் சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு வந்ததையும் 1950களிலேயே மருத்துவர்கள் குறித்துவைத்தார்கள். ‘வேர்தானே, என்ன செய்துவிடும்?’ என்று கேட்கும் ஊர்ப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

அடுத்து வந்தவை பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகள். லிப்ரியம் 1960இல் விற்பனைக்கு வந்தது. வேலியம் 1963இல் வந்தது. இவை பழைய தூக்க மருந்துகளைப் போல் ஆளைப் பிடித்துக்கொள்ளா என்று உலகம் நம்பியது. ஆனால் 1961இலேயே அமெரிக்காவில் ஹாலிஸ்டர் என்பவரும் அவருடன் பணி செய்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தனர். லிப்ரியத்தை மிகப் பெரிய அளவில், நாளொன்றுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை, மாதக்கணக்கில் உண்டுவந்தோருள் 11 பேருக்கு அதைத் திடீரென்று நிறுத்தி, மருந்தில்லாத போலி மாத்திரையைத் தந்தார்கள். 10 பேருக்குப் புதிய தொல்லைகள் தோன்றின. இருவருக்கு வலிப்பே வந்துவிட்டது. இன்று அத்தகைய ஆய்வுக்கு எந்த மருத்துவமனையும் இடம் கொடாது.

இவ்வளவு தெளிவாக எழுதி வைத்த பின்னும் வேலியம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்னும் பேராசிரியை 1982 முதல் பன்னிரண்டு ஆண்டுகள், இம்மாத்திரைகளை விட முடியாமல் தவித்தவர்களுக்கென்றே ஒரு மருத்துவப் பிரிவை நடத்தினார். இவ்வகை மருந்துகள் எல்லாவற்றின் உறையிலும், பழக்கப் பிணைப்பையும் நிறுத்தும்போது வரும் துன்பத்தையும் பற்றிக் கட்டமிட்ட எச்சரிக்கை வேண்டும் என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை ஆணையிட்டது 2020இல். முதல் ஆய்வுக்கும் இந்த ஆணைக்கும் இடையே 59 ஆண்டுகள்!

நம் நாட்டில் அல்பிரசோலம், டயசிபம் போன்றவை 2014 மார்ச்சு முதல் எச்-1 பட்டியலில் உள்ளன. சீட்டு எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றை மருந்துக் கடைக்காரர் தனி ஏட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் தேர்வுக் காலத்தில், ‘தூக்கமே வரவில்லை, உன்னிடம் இருந்தால் ஒன்று கொடு’ என்று அறைக்கு அறை கைமாறும் மாத்திரைக்கு ஏது ஏடு?

இனி, மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகளைப் பார்ப்போம். மாணவர்களிடையே அதிகம் காணப்படுபவை இவையே. என் நண்பன் ஒருவனுடைய செய்தியை, அவன் இசைவோடு, பெயரை விட்டு எழுதுகிறேன். பராக்சிடின் என்னும் மருந்தை ஒன்பது மாதம் உண்டான்; நன்றாக இருந்தான். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டபோது மாத்திரை அட்டையை விடுதியிலேயே விட்டுச் சென்றான். அம்மா பெட்டியைத் திறந்து துணி எடுப்பாள்; அட்டையைக் கண்டால் என்ன சொல்வது? டில்லியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை நாள் இரயில், அங்கிருந்து திண்டுக்கல். வீடு போய்ச் சேர்ந்த மறுநாள் தலை சுற்றியது. கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் சொடுக்கினாற் போல் இருந்தது. இரவெல்லாம் கெட்ட கனவு, காரணமின்றி அழுகை. ‘நோய் திரும்பிவிட்டதடா, இனி நான் தேறமாட்டேன்’ என்று தொலைபேசியில் என்னிடம் சொன்னான். விவரம் அறிந்த அவன் சித்தப்பாவோ, ‘அந்த மாத்திரையே விஷம், இனிமேல் தொடாதே’ என்றாராம்.

இருவர் சொன்னதும் சரியன்று. திரும்பி வந்தவுடன் மருத்துவர் அவனுக்கு அதே மாத்திரையைக் கொடுத்தார். இரண்டு மூன்று நாட்களில் தலைச் சுழலும் சொடுக்கும் மறைந்தன. மறைந்த விரைவே, அவை நோய் அல்ல என்பதற்குச் சான்று. பழைய மனச்சோர்வாக இருந்தால் மருந்து வேலை செய்ய வாரங்கள் பிடித்திருக்கும்.

உள்ளே நடப்பது இது. மூளையில் ஒரு நரம்பணு மற்றொன்றுக்குச் செய்தி சொல்லச் செரோட்டோனின் என்னும் பொருளை வெளியிடுகிறது. பிறகு சிறு வாயில்கள் வழியாக அதைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பராக்சிடின் போன்றவை அவ்வாயில்களை அடைக்கின்றன. வெளியே செரோட்டோனின் மிகுகிறது. அந்த மிகுதிக்கு ஏற்ப மூளை வாரக்கணக்கில் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது. மருந்து உடலை விட்டுப் போக நாட்கள் போதும். மூளை தன் திருத்தத்தைத் திருப்பிக்கொள்ள வாரங்களோ மாதங்களோ வேண்டும். இடைப்பட்ட காலத்தின் துன்பமே என் நண்பன் பட்டது.

ஆகவே விரைவாக வெளியேறும் மருந்து அதிகத் தொல்லை தருகிறது. பராக்சிடின் ஏறக்குறைய ஒரே நாளில் பாதியாகக் குறைகிறது. ஃபுளுவாக்சிடினும் உடலில் அதிலிருந்து உண்டாகும் பொருளும் வாரக்கணக்கில் தங்குகின்றன. அது தானே மெல்ல இறங்குகிறது. ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்டு குறைத்துக்கொள்கிறேன்’ என்று சிலர் தாமே முடிவு செய்வதுண்டு. ஒரு நாளில் பாதியாகும் பொருள் இரண்டு நாளில் காற்பங்காகும் அன்றோ? அப்படியானால் அவர் மருந்தைக் குறைக்கவில்லை. மூளையை நாள்தோறும் ஊஞ்சலாட்டுகிறார்.

எனக்கு மிகவும் வியப்பளித்தது வேறொரு கணக்கு. 2019இல் ஹோரோவிட்ஸ், டெய்லர் என்னும் இருவர் இலண்டனிலிருந்து ஒரு கட்டுரை எழுதினர். ஹோரோவிட்ஸ் தாமும் மனநோய் மருத்துவர். தாமே இம்மருந்தை விட முயன்று பெரிதும் துன்புற்றவர். சிட்டலோப்ரம் என்னும் மருந்தை 20 மில்லிகிராம் உண்டால் நூற்றுக்கு 80 வாயில்கள் அடைபடுகின்றன. 40 உண்டால் 86. மருந்து இரட்டித்தும் கூடியது ஆறுதான். கீழே வருவோம். 9 மில்லிகிராமில் 70, 5.4இல் 60, 3.4இல் 50. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான 0.8இல் கூட 20 வாயில்கள் அடைபட்டே இருக்கின்றன! இயல்வேதியியல் வகுப்பில் லாங்மியூர் வரைகோட்டைப் போட்டவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். மேலே தட்டை, கீழே செங்குத்து.

கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் மாத்திரை 10 மில்லிகிராமும் அதற்கு மேலும். 20இலிருந்து 10க்கு இறங்குவது ஒரு படி இறங்குவது. 10இலிருந்து ஒன்றுமின்மைக்கு இறங்குவது கிணற்றில் குதிப்பது. ‘பாதியாக்கினேன், ஒன்றும் ஆகவில்லை, மீதியையும் விட்டேன், உயிர் போயிற்று’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அடிப்பகுதியில்தான் படிகள் மிகச் சிறியனவாக இருக்க வேண்டும். அதற்குத் திரவ மருந்து வேண்டும், அல்லது மாத்திரையை அளந்து பிரித்துத் தர ஆள் வேண்டும். அதனால்தான் இதைத் தனியே செய்ய முடியாது என்கிறேன்.

எத்தனை பேருக்கு இந்தத் துன்பம் வருகிறது என்பதில் ஆராய்ச்சியாளரிடையே பெரிய வழக்கு. பாதிக்கு மேற்பட்டோருக்கு என்று 2019இல் ஒரு தொகுப்பு ஆய்வு சொன்னது. 2024இல் வந்த ஜெர்மானியர் ஆய்வு, மருந்தை நிறுத்தியவருள் நூற்றுக்கு 31 பேர் என்றது. ஆனால் போலி மாத்திரையை நிறுத்தியவரிலும் 17 பேர் அவ்வாறே சொன்னதையும் காட்டியது. கடுந்துன்பம் நூற்றுக்கு மூவர் அளவில். என் கருத்து, பின்னதன் முறை நன்று. ஆனால் அது தொகுத்த ஆய்வுகள் பலவற்றில் மருந்து உண்டவர்கள் சில வாரங்களோ மாதங்களோ உண்டவர்கள். ஆண்டுக்கணக்கில் உண்டவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் நம்பவில்லை.

இதை எல்லாம் படித்து ‘மருந்தே வேண்டாம்’ என்று எவரேனும் முடிவு கட்டினால் அது பெருந்தவறு. பிரிட்டனில் நெடுநாள் மருந்துண்டு நலமாக இருந்த 478 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வந்தது. நிறுத்தியவருள் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 56 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்து உண்டவருள் 39 பேருக்கு. மாயக் குரல் கேட்கும் சிந்தைச் சிதைவு போன்ற நோய்களில் இன்னும் கவனம் வேண்டும். அம்மருந்துகள் உடலைப் பருக்க வைக்கின்றன. நெடுநாள் உண்டால் சிலருக்கு வாயும் நாக்கும் தாமே அசையத் தொடங்குகின்றன. ஆகவே குறைக்க விரும்புவது இயல்பே. ஆனால் 2023இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், மருத்துவர் மேற்பார்வையிலேயே படிப்படியாகக் குறைத்தவருள் நூற்றுக்கு 25 பேருக்கு இரண்டாண்டில் நோய் கடுமையாகத் திரும்பியது. வழக்கம்போல் உண்டவருள் 13 பேருக்கு. இலித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் பித்து நிலை மிகுந்த வேகத்தோடு திரும்பக்கூடும். நம் நாட்டிலோ, 2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோய்க்கு ஏற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறாதவர்கள். மருந்து மிகுதியானதைவிட மருந்து கிட்டாததே இங்கே பெரிய துன்பம்.

நம் வயதினர்க்கு ஒன்று தனியே சொல்ல வேண்டும். மனச்சோர்வு மருந்தைத் தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் இளைஞர் சிலருக்குத் தற்கொலை எண்ணம் மிகக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2004இல் சிறுவர்க்காக எச்சரித்தது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. நாம் எல்லாரும் அந்த வரம்புக்குள் இருக்கிறோம். மருந்தை மறுக்க இது காரணமாகாது. முதல் சில வாரங்களில் பக்கத்தில் ஒருவர் தெரிந்து இருக்க வேண்டும். அமைதியின்மையோ தூக்கமின்மையோ திடீரென்று மிகுந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

விடுமுறை நெருங்குகிறது. ஊருக்குப் போகிறவர்கள் மாத்திரையைப் பயண நாட்களுக்கும் சேர்த்து எண்ணி, கைப்பையில் வைத்துக்கொள்க. மேல் தட்டில் ஏற்றிய பெட்டியில் வேண்டாம். மருத்துவர் சீட்டில் கடைப்பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதித் தரக் கேளுங்கள். இங்கே கிடைக்கும் கடைப்பெயர் தேனியிலோ தென்காசியிலோ கிடைக்காமல் போகலாம். விட விரும்பினால், ‘எத்தனை மாதத்தில், எந்தெந்த அளவாக?’ என்று கேளுங்கள். அது உரிமையோடு கேட்கத்தக்க கேள்வி. நம்மில் பலருக்கு உடல்நோயை இந்தியில் சொல்ல முடிகிறது. மனத்தின் நோயைச் சொல்ல வாய் வருவதில்லை. 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது தமிழைத் தேர்ந்துகொள்ளலாம்.