கண்ணாடி பேப்பருக்கு 30 வருட மல்லுக்கட்டு!

பரிசுப் பெட்டி மேல் சுற்றும் கண்ணாடி பேப்பர், சூடு பட்டதும் சுருங்கிக் கவ்விக்கொள்ளும் உறை. இவற்றில் பல, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான். இது யாருக்குச் சொந்தம் என்று அமெரிக்காவில் 5 கம்பெனிகள் மல்லுக்கு நின்றன.

1951-ல் ஓக்லஹோமாவில் பிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனியின் ஹோகன், பேங்க்ஸ் இருவரும் பெட்ரோலுக்கான சரக்கு செய்யப் பார்த்தார்கள். குழாயில் வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டது. அதுதான் இது! 1953-ல் காப்புரிமை கேட்டு மனு போட்டார்கள்.

1954-ல் இத்தாலி விஞ்ஞானி நட்டாவும் இதைத் தயாரித்தார். 1963-ல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். 1973-ல் அமெரிக்கக் காப்புரிமை நட்டா தரப்புக்கே போயிற்று. பிலிப்ஸ் சும்மா விடுமா? 1980-ல் டெலாவேர் கோர்ட்டில் ஜெயித்தது. 1983-ல் காப்புரிமை கைக்கு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 17 வருடக் கணக்கு, காப்புரிமை கொடுத்த நாளிலிருந்துதான். இழுத்தடித்ததால் பிலிப்சுக்கு 2000 வரை உரிமை!