முதல் ஆடையைத் தைப்பவர்களுக்கான தையல் குறிப்புகள்

தையல் என்பது ஊசி, நூல் கொண்டு துணித் துண்டுகளை இணைத்து ஆடையாகவோ பிற பொருளாகவோ ஆக்கும் கைத்தொழில். தனக்கான ஆடையைத் தானே தைக்கத் தொடங்குபவர்கள் இயந்திரத்தில் நேராகத் தைப்பதே கடினம் என்று கருதுவது வழக்கம். ஆனால் கோணலான தையலைப் பிரித்து மீண்டும் தைத்துவிடலாம். குறைவாக வெட்டிய துணியை மீட்க முடியாது. முதல் ஆடை அணிய முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் வெட்டுவதற்கு முன் நேரும் பிழைகளே காரணமாகின்றன. இக்கட்டுரை எளிய பருத்திக் குர்தி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்தப் பிழைகளையும் அவற்றைத் தவிர்க்கும் முறைகளையும் விளக்குகிறது.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பழகுவோருக்கு மிகவும் ஏற்றது நடுத்தரத் தடிமனுள்ள பருத்தித் துணி. பாப்ளின், கேம்ப்ரிக் போன்றவை வெட்டும்போது நகராது. மடித்துத் தேய்த்தால் மடிப்பு அப்படியே நிற்கும். ஜார்ஜெட், ஷிஃபான், சாட்டின் ஆகியவை கத்தரிக்கோலின் கீழ் வழுக்கும். பனியன் துணி இழுபடும் தன்மை கொண்டது. அதற்குத் தனி ஊசியும் தனிப் பழக்கமும் தேவை.

பெரிய கட்டமும் கோடும் உள்ள துணிகளை முதலில் தவிர்ப்பது நல்லது. பக்கத் தையலில் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் ஆடை முழுவதும் கோணலாகத் தோன்றும். பூக்கள் ஒரே திசையில் நிற்கும் அச்சுத் துணியில், முன்பாகம் பின்பாகம் இரண்டின் கழுத்துப் பக்கமும் ஒரே திசையை நோக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் பூக்கள் தலைகீழாக நிற்கும்.

துணியின் அளவை வாங்கும் முன் கணக்கிட வேண்டும். 40 அங்குல நீளக் குர்திக்குத் தோள் தையலுக்கும் கீழ் மடிப்புக்கும் 2 அங்குலம் சேர்த்தால் ஒரு பாகத்திற்கு 42 அங்குலம். 36 அங்குல அகலத் துணியில் இரு பாகங்களையும் அருகருகே வைக்க இடம் போதாது. எனவே இரண்டு நீளம் தேவை: 84 அங்குலம், அதாவது சுமார் 2.15 மீட்டர். குட்டைக் கைக்கும் சுருக்கத்திற்கும் சேர்த்து 2½ மீட்டர் வாங்கலாம்.

நனைத்து உலர்த்துதல்

பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். துணியை நூற்றுக்கு 5 பங்கு சுருங்குவதாகக் கொண்டால், 40 அங்குலச் சுற்றளவில் தைத்த ஆடை 38 அங்குலமாகிவிடும். இந்த 2 அங்குலமே பல ஆடைகளில் பொருந்துவதற்கும் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு.

ஆகவே வெட்டுவதற்கு முன் துணியைச் சில மணி நேரம் நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தித் தேய்க்க வேண்டும். லைனிங் துணியையும் இவ்வாறே நனைக்க வேண்டும். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் ஆடை உள்ளிருந்து இழுத்துச் சுருக்கம் விழும். சாயம் போகும் துணியா என்பதும் இந்த நிலையிலேயே தெரிந்துவிடும்.

பாவு, ஊடு, உரேப்

தறியில் நீளவாக்கில் செல்வது பாவு நூல். குறுக்கே செல்வது ஊடு நூல். துணியின் இரு பக்கமும் பிரியாமல் அடர்த்தியாக இருக்கும் ஓரம் கரை எனப்படும். பாவு நூல் கரைக்கு இணையாகச் செல்லும்.

பாவு திசையில் துணி மிகக் குறைவாகவே இழுபடும். அதனால் ஆடையின் நீளம் பாவு திசையில் அமைய வேண்டும். மூலைவிட்டத் திசையில் துணி நன்றாக நெகிழும். இதைத் தையற்காரர்கள் உரேப் என்பார்கள். கழுத்து வளைவில் வைத்துத் தைக்கும் பட்டிக்கு உரேப் துணி வெட்டுவதற்கு இந்த நெகிழ்வே காரணம்.

கடையில் கிழித்தோ வெட்டியோ தரும் துணியின் முனை எப்போதும் நேராக இருப்பதில்லை. முனையில் ஒரு ஊடு நூலை மெல்ல உருவினால் அது சென்ற வழி கோடாகத் தெரியும். அக்கோட்டில் வெட்டினால் முனை நேராகும். பிறகு கரையோடு கரை சேர்த்து மடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டிய குர்தி, சில சலவைகளுக்குப் பின் முறுக்கிக்கொண்டு பக்கத் தையல் முன்பக்கம் வந்து நிற்கும். தைத்த பிறகு இக்குறையைச் சரிசெய்ய வழியில்லை.

அளவெடுத்தல்

அளவு நாடா உடலைச் சுற்றித் தரைக்கு இணையாக, இறுக்காமலும் தொங்காமலும் இருக்க வேண்டும். ஆடையின் கீழ் அணியும் உள்ளாடையோடு அளவெடுக்க வேண்டும். தன் உடலைத் தானே அளந்தால் கையை உயர்த்தும்போது அளவு மாறும். இன்னொருவர் அளப்பதே சரியாக அமையும். குர்திக்கு மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழுள்ள பெரிய சுற்றளவு, தோள் அகலம், மேற்கைச் சுற்றளவு, முழு நீளம் ஆகியவை தேவை. தோள் அகலத்தை ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறு முனை வரை பின்புறமாக அளக்க வேண்டும்.

நன்றாகப் பொருந்தும் பழைய குர்தி ஒன்றைத் தரையில் விரித்து அதன் அளவுகளையும் குறித்துக்கொள்ளலாம். உடலின் அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு தளர்வு தனக்கு வசதி என்பது புரியும்.

தளர்வும் தையல் இடமும்

பழகுவோர் பெரும்பாலும் தவறவிடுவது இந்தக் கணக்கையே. உடலின் அளவும் ஆடையின் அளவும் ஒன்றல்ல. மூச்சுவிடவும் கையை உயர்த்தவும் கூடுதலாக விடும் அளவு தளர்வு. இரண்டு துண்டுகளை இணைக்கும்போது தையலுக்கு உள்ளே போகும் துணி தையல் இடம். இரண்டையும் தனித்தனியே சேர்க்க வேண்டும்.

மார்புச் சுற்றளவு 34 அங்குலம் உள்ளவருக்கான கணக்கு:

• உடல் அளவு 34, தளர்வு 4. ஆடையின் சுற்றளவு 38 அங்குலம்.
• துணியை மடித்து வெட்டுவதால் இதில் நான்கில் ஒரு பங்கு 9½ அங்குலம்.
• பக்கத் தையலுக்கு 1 அங்குலம் சேர்த்து, மடிப்பிலிருந்து 10½ அங்குலத்தில் வெட்ட வேண்டும்.

தையல் இடத்தை மறந்து 9½ அங்குலத்தில் வெட்டி, ஓரத்திலிருந்து ½ அங்குலம் உள்ளே தைத்தால், நான்கு ஓரங்களிலுமாக 2 அங்குலம் குறைந்து ஆடை 36 அங்குலமாகும். பிடிப்பாக இருந்தாலும் அணியலாம். தளர்வையும் மறந்து 8½ அங்குலத்தில் வெட்டியிருந்தால் ஆடை 32 அங்குலம்தான். உடலைவிட 2 அங்குலம் சிறிய அந்த ஆடையை அணியவே முடியாது. ஒவ்வொரு ஓரத்திலும் சிறிதாகத் தோன்றும் பிழை சுற்றளவில் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பக்கத் தையலில் 1 அங்குலம் விடுவதில் மற்றொரு பயனும் உண்டு. உடல் பருத்தால் தையலைப் பிரித்து ஆடையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

கழுத்தும் கைக்குழியும்

பக்கத் தையல் ஆடையைச் சிறிதாக்கும். கழுத்தும் கைக்குழியும் இதற்கு நேர்மாறானவை. தைக்கத் தைக்கத் திறப்பு பெரிதாகும். கழுத்தை 6 அங்குல ஆழத்தில் வெட்டி ½ அங்குலம் உள்ளே தைத்து மடித்தால் ஆழம் 6½ அங்குலமாகிவிடும். ஆகவே கழுத்தைத் தேவையான அளவைவிட ½ அங்குலம் சிறிதாகவே வரைய வேண்டும். அகலத்திலும் இருபுறமும் இவ்வாறே குறைக்க வேண்டும். முதலில் சிறிதாக வெட்டிப் போட்டுப் பார்த்துப் பிறகு பெரிதாக்குவதே பாதுகாப்பான வழி.

மிகவும் சிறிதாகவும் இருக்கக் கூடாது. பெரியவர்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 21 முதல் 23 அங்குலம் வரை இருக்கும். தைத்து முடித்த கழுத்தின் சுற்றளவு அதைவிடக் குறைந்தால் முன்பக்கமோ பின்பக்கமோ திறப்பு வைத்தாக வேண்டும்.

வெட்டிய கழுத்து வளைவு கையாளும்போதே இழுபட்டு விரியும். வெட்டியவுடன் ஓரத்தை ஒட்டி ஒற்றைத் தையல் ஓட்டினால் வளைவு அப்படியே நிற்கும். பட்டி வைத்துத் தைத்தபின் வளைவில் ½ அங்குல இடைவெளியில் தையலை எட்டாதவாறு சிறு வெட்டுகள் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பட்டி சுருக்கமின்றி உள்ளே திரும்பும்.

மாதிரித் தாளும் வெட்டுதலும்

நேரடியாகத் துணியில் வரையாமல் பழைய செய்தித்தாளில் வரைந்து வெட்டிக்கொள்வது நல்லது. தாளில் பாகத்தின் பெயர், மடிப்புப் பக்கம், பாவு திசை, தையல் இடம் சேர்த்ததா இல்லையா என்பவற்றை எழுதி வைக்க வேண்டும். விலை உயர்ந்த துணியாக இருந்தால் முதலில் காடாத் துணியிலோ பழைய வேட்டியிலோ அதே அளவில் வெட்டி, நீண்ட தையலாக ஓட்டிப் போட்டுப் பார்க்கலாம்.

துணியை மேசையிலோ தரையிலோ முழுவதும் விரித்து, தாளைக் குண்டூசியால் பொருத்தி, தையல் சாக்கால் வரைய வேண்டும். வெட்டும்போது துணியைத் தூக்காமல், கத்தரிக்கோலின் கீழ் அலகு தரையைத் தொட்டபடி நகர வேண்டும். துணி வெட்டும் கத்தரிக்கோலால் தாள் வெட்டினால் அதன் கூர்மை விரைவில் மழுங்கும். இரண்டுக்கும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

இயந்திரத்தைப் பழகுதல்

காலால் மிதிக்கும் இயந்திரத்தில் சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் நூல் அறும். எனவே நூல் கோர்க்காமல் கோடு போட்ட தாளில் கோட்டின் மேல் ஓட்டிப் பழகுவது நல்ல பயிற்சி. ஊசியைப் பார்க்காமல், துணியின் ஓரத்தையும் அழுத்துப் பாதத்தையும் பார்த்துத் தைத்தால் கோடு நேராக வரும். துணியைப் பின்னாலிருந்து இழுக்கக் கூடாது. இழுத்தால் ஊசி வளையும். துணியை நகர்த்துவது பாதத்தின் கீழுள்ள பற்களின் வேலை.

ஊசியின் எண் அதன் தடிமனைக் குறிக்கும். 90 என்பது 0.9 மில்லிமீட்டர். மெல்லிய துணிக்கு 70, நடுத்தரப் பருத்திக்கு 80 அல்லது 90, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 100 பொருந்தும். பொதுவான தையலுக்கு 2.5 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்திற்கு ஏறக்குறைய 10 தையல் போதும்.

ஆடையில் தைக்கும் முன் அதே துணியின் வெட்டுத் துண்டில் தைத்துப் பார்க்க வேண்டும். அடிக்கடி நேரும் சிக்கல்கள்:

• துணியின் அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால், பெரும்பாலும் மேல்நூல் சரியாகக் கோர்க்கப்படவில்லை, அல்லது அழுத்துப் பாதம் கீழிறக்கப்படவில்லை.
• மேற்பக்கம் பாபின் நூல் புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூலின் இறுக்கம் அதிகம்.
• தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசி மழுங்கியிருக்கலாம், வளைந்திருக்கலாம், அல்லது தவறாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்தே நூல் ஊசிக் காதுக்குள் செல்ல வேண்டும்.
• மெல்லிய துணி சுருங்கினால் சிறிய ஊசிக்கு மாறி இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டும்.

தைக்கும் வரிசை

குர்தியில் முதலில் தோள்களை இணைத்து, அடுத்துக் கழுத்தை முடிக்க வேண்டும். துணி விரிந்த நிலையில் இருக்கும்போதே கைகளைப் பொருத்த வேண்டும். பிறகு கையின் அடிப்பக்கமும் ஆடையின் பக்கமும் ஒரே தையலாக முடியும். பக்கத் திறப்பும் கீழ் மடிப்பும் கடைசி. பக்கத் தையலை முதலில் நீண்ட தையலாகப் போட்டு அணிந்து பார்த்தபின் உறுதியாகத் தைத்தால் பிரிப்பது எளிது.

ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நான்கு தையல் முன்பின்னாகப் போட வேண்டும். ஒவ்வொரு தையலையும் அடுத்த தையல் அதைக் கடக்கும் முன் தேய்த்துப் படியவைக்க வேண்டும். வீட்டில் தைத்த ஆடை கடையில் வாங்கியது போல் தோன்றாததற்குத் தேய்க்காமல் தைப்பது ஒரு முக்கியக் காரணம்.

ஓவர்லாக் வசதி இல்லாதவர்கள் துணியோரம் பிரியாமல் இருக்க இரட்டைத் தையல் போடலாம். முதலில் துணியின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று தொடுமாறு வைத்து ¼ அங்குலத்தில் தைத்து, ஓரத்தைப் பாதியாகக் கத்தரிக்க வேண்டும். பிறகு திருப்பி, நல்ல பக்கங்கள் தொடுமாறு வைத்து மீண்டும் ¼ அங்குலத்தில் தைத்தால் வெட்டிய ஓரம் தையலுக்குள் மறைந்துவிடும். இதற்கு மொத்தம் ½ அங்குலத் தையல் இடம் போதும்.

பழகும் வரிசை

குர்திக்கு முன் இரண்டு எளிய பொருள்களைத் தைப்பது பயன் தரும். தலையணை உறை நேர்த்தையலையும் ஓர மடிப்பையும் பழக்கும். இலாஸ்டிக் வைத்த பாவாடை, நீளமும் சுற்றளவும் கணக்கிடக் கற்றுத்தரும். அதில் வளைவு வெட்டு இல்லாததால் துணி வீணாகும் அச்சம் குறைவு. ஒவ்வொரு முறையும் வெட்டிய அளவையும் தைத்தபின் கிடைத்த அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். எந்த இடத்தில் பிடித்தது, எங்கே தொங்கியது என்ற குறிப்புடன் மாதிரித் தாளையும் திருத்தி வைத்துக்கொண்டால், அடுத்த குர்திக்கான அளவு அதிலிருந்தே கிடைத்துவிடும்.